உருவப் பகுதியில் இருபத்திரண்டு

பிப்ரவரி 3

அன்புள்ள அப்பாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். அறையைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான்கு கட்டில், நான்கு பெண்கள், ஒரே ஒரு ஜன்னல். அந்த ஜன்னலும் பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்துத்தான் திறக்கிறது. விடுதிக்காரம்மா உள்ளே நுழைந்ததுமே என் போனை வாங்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பூட்டிவிட்டார். "பரீட்சை முடிஞ்சதும் வாங்கிக்கோ. அதுவரைக்கும் வீட்டுக்கு லெட்டர் போடு, கையெழுத்தாவது திருந்தும்" என்கிறார். என்ன திமிர் பாருங்கள்!

முதல் மாதிரித் தேர்வை எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். விடைப் புத்தகம் உங்களிடமே இருக்கட்டும். என்னிடம் இருந்தால் என்ன ஆகும் என்று நம் இருவருக்கும் தெரியும். போன இரண்டு தடவையும் நானே எழுதி, நானே திருத்தி, "இது தெரிந்த கேள்விதான், கைதவறி மாற்றிப் போட்டுவிட்டேன்" என்று எனக்கு நானே மார்க்கை அள்ளிப் போட்டுக்கொண்டேன். பரீட்சையில் மண்ணைக் கவ்வினேன். அதனால்தான் இந்தத் தடவை உங்களிடம் கொடுத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்து உங்களைவிடக் கறாரான ஆள் இந்த உலகத்தில் இல்லை. பேரிங் ஃபேக்டரியில் உருளைகளை மயிரிழை பிசகாமல் அளந்து தள்ளும் உங்களை 'மைக்ரான்' என்று சும்மாவா கூப்பிடுகிறார்கள்?

நூற்றுக்கு எழுபத்துநாலு வந்தால் பல் மருத்துவக் கல்லூரியில் இடம். இது மூன்றாவது தடவை. நான்காவது தடவை எழுதத் தேர்வு விதியில் இடமில்லை. பல் கிளினிக் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். இரண்டு வருஷம் அந்த டாக்டரம்மாவின் வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுத்தவள் நான். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதபடி உள்ளே போகிறவர்கள் அரை மணியில் பேசிக்கொண்டே வெளியே வருவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வேறு எந்த ஆசையும் இல்லாமல் போய்விட்டது. ஆகவே பாவம் பார்க்காமல் திருத்துங்கள்.

அம்மாவைத் தையல் மெஷினில் குனிந்தே கிடக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் ராங்கி


பிப்ரவரி 9

அன்பு ராங்கிக்கு,

உன் கடிதமும் தாளும் கிடைத்தன. போனைப் பிடுங்கிய அந்த அம்மாளுக்கு என் சார்பில் ஒரு வணக்கம் சொல். நான் ஐந்து வருஷமாக முயன்று முடியாததை ஒரே நிமிஷத்தில் செய்திருக்கிறார்.

திருத்த உட்கார்ந்தவன் விடைப் புத்தகத்தில் இருந்த கேள்விகளைப் பார்த்து வாயடைத்துப் போனேன். உயிரியல், வேதியியல் சரி. வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதியும் சரி. அந்த நாலாவதாக உருவப் பகுதி என்று ஒன்று இருக்கிறதே, அது என்ன கூத்து? ஒரு தாளை மூன்று மடிப்பாக மடித்து ஓட்டை போட்டால், விரிக்கும்போது எத்தனை ஓட்டை என்று கேட்கிறான். பல்லில் ஏற்கெனவே ஓட்டை விழுந்துதானே உன்னிடம் வரப்போகிறார்கள்? இதைக் கேட்டு உன் அம்மா மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உயிரியல் 14. வேதியியல் 12. வாசிப்பு 11. உருவம் 6. ஒவ்வொன்றும் இருபத்தைந்துக்கு. மொத்தம் 43. இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். தப்பான கேள்விகளின் எண்களைப் பின்னால் எழுதியிருக்கிறேன்.

நன்றாகச் சாப்பிடு.

அப்பா


பிப்ரவரி 14

அப்பா,

நாற்பத்து மூன்றா?

எண்ணைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போன வருஷம் நானே திருத்தியபோது எழுபதுக்குக் கீழே வந்ததே கிடையாது. அப்படியானால் நான் இவ்வளவு நாளும் இவ்வளவுதானா? உருவத்தில் ஆறு! நாலு விடையில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குத்தினாலே ஆறு வரும் அப்பா.

இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. உங்களிடம் மறைப்பானேன், நேற்று மத்தியானம் பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கே போய்விட்டேன். டிக்கெட் கவுன்டர் வரிசையில் என் முறை வரும்வரை நின்றேன். "எந்த ஊரும்மா?" என்று அந்த ஆள் கேட்டார். பின்னால் இருந்தவர்கள் திட்ட ஆரம்பித்ததும் திரும்பி வந்துவிட்டேன்.

இரண்டாவது தாளை அனுப்புகிறேன். இதுவும் இப்படியே வந்தால் இந்தப் பேச்சையே விட்டுவிடுகிறேன். வீட்டுக்கு வந்து பெரியப்பாவின் ஹார்டுவேர் கடையில் ஆணி நிறுத்துப் போடுகிறேன். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

ராங்கி


பிப்ரவரி 22

என் அன்பு ராங்கிக்கு,

பஸ் ஸ்டாண்டு விஷயத்தைப் படித்து உன் அம்மா அடுப்பை அணைக்கவும் மறந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "பொண்ணு தனியா பெட்டியோட நின்னுருக்கா, நீங்க மார்க்கப் பத்திப் பேசறீங்க" என்று என்னைப் பிடித்து உலுக்கி எடுத்துவிட்டாள்.

இரண்டாவது தாளைத் திருத்திவிட்டேன். உயிரியல் 15, வேதியியல் 12, வாசிப்பு 12, உருவம் 20. மொத்தம் 59. முதல் தாளில் பதற்றமாக இருந்திருப்பாய். பெட்டியை அவிழ்த்து வை. ஆணி நிறுக்க உன் பெரியப்பாவுக்கு ஆள் இருக்கிறது.

அப்பா


பிப்ரவரி 28

அன்புள்ள அப்பாவுக்கு,

உருவத்தில் இருபதா! கடிதத்தைப் படித்துவிட்டு நான் போட்ட கூச்சலில் விடுதிக்காரம்மா கரண்டியோடு ஓடி வந்துவிட்டார். ஏதோ பூரான் கடித்துவிட்டது என்று நினைத்தாராம். பாதிக் கேள்விகளுக்குக் குத்துமதிப்பாகத்தான் விடை போட்டேன் அப்பா. எனக்கே தெரியாமல் என் மூளைக்கு அது பிடிபட்டுவிட்டது போலிருக்கிறது! வேறு யாராவது இந்த மார்க்கைப் போட்டிருந்தால் நம்பியிருக்கவே மாட்டேன். போட்டது நீங்கள் என்பதால் நம்புகிறேன்.

நேற்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். அம்மாவிடம் சொல்லுங்கள்.

மூன்றாவது தாள் உள்ளே இருக்கிறது.

உங்கள் ராங்கி


ஏப்ரல் 2

அன்பு ராங்கிக்கு,

ஏழாவது தாள்: உயிரியல் 18, வேதியியல் 17, வாசிப்பு 15, உருவம் 22. மொத்தம் 72. தப்பான எண்கள் வழக்கம்போலப் பின்னால்.

உன் அம்மாவுக்கு முதுகு பரவாயில்லை. எனக்கும் பரவாயில்லை. ஃபேக்டரியில் புது மேனேஜர் வந்திருக்கிறார். நான் தள்ளிவைத்த ஒரு பெட்டி உருளைகளை "போனாப் போகுது, அனுப்பிடுங்க" என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். முகம் சுருங்கிவிட்டது அவருக்கு.

எதற்கும் உருவப் பகுதியையும் அவ்வப்போது போட்டுப் பார்த்துக்கொள். மார்க் வருகிறது என்று விட்டுவிடாதே.

அப்பா


ஏப்ரல் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

எழுபத்திரண்டு! இன்னும் இரண்டே இரண்டு!

நீங்கள் எப்போதுமே இப்படித்தான். இருபத்திரண்டு எடுத்தாலும் மிச்சம் மூன்று எங்கே என்று கேட்பீர்கள். உருவத்துக்குப் பயிற்சி செய்வதை நான் நாலாவது தாளோடு நிறுத்திவிட்டேன் அப்பா. அதற்கு ஒதுக்கிய காலை நேரம் முழுவதையும் வேதியியலுக்குக் கொடுத்துவிட்டேன். அதனால்தான் அது பன்னிரண்டிலிருந்து பதினேழுக்கு ஏறியிருக்கிறது. எதிர்க் கட்டில் பெண் தினமும் சோப்புக் கட்டியை வெட்டி வெட்டிக் கனசதுரம் செய்து எண்ணிக்கொண்டிருக்கிறாள். எனக்குச் சிரிப்பாக வருகிறது. பாவம், அவளுக்கு உங்களைப் போல ஒரு அப்பா இருந்து, மண்டையில் அந்த வடிவங்களை வைத்துப் பெற்றிருந்தால் இந்தக் கஷ்டம் வந்திருக்குமா?

பரீட்சை மே 12. அதற்குள் எல்லாத் தாளும் முடித்துவிடுவேன்.

உங்கள் ராங்கி


மே 6

அன்பு ராங்கிக்கு,

கடைசித் தாள்: உயிரியல் 21, வேதியியல் 20, வாசிப்பு 17, உருவம் 22. மொத்தம் 80.

நான்கு நாளாக உனக்கு ஒரு விஷயம் எழுத வேண்டும் என்று நினைத்து, எழுதி எழுதிக் கிழித்துப் போடுகிறேன். பரீட்சைக்கு முன்னால் எதற்கு என்று உன் அம்மா சொல்கிறாள். அதுவும் சரிதான். இருக்கிற இந்த ஆறு நாளில் மற்றதை மூடி வைத்துவிட்டு உருவத்தை மட்டும் போடு. அப்பா சொல்கிறேன் என்பதற்காகவாவது போடு.

உன் அம்மாவும் நானும் உன்னையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அப்பா


மே 13

அப்பா,

உங்கள் மே 6 கடிதம் இன்று காலையில்தான் வந்தது. பரீட்சை நேற்றே முடிந்துவிட்டது.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஹாலுக்குள் போகும்போது சட்டைப் பையை உதறிக் காட்டச் சொன்னார்கள். ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர், இரண்டு பக்கமும் அட்டைத் தடுப்பு. உயிரியல் தண்ணீர் பட்ட பாடாக இருந்தது. வேதியியலும் அப்படியே. மூன்றாவதும் முடிந்தது. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன் அப்பா. நான்காவதாக உருவம் வந்தது. முதல் கேள்வி புரியவில்லை. இரண்டாவதும் புரியவில்லை. பயத்தில்தான் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, கண்ணை மூடித் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன். ஒரு கேள்வியும் புரியவில்லை. எனக்குத் தெரியாத பாஷையில் எழுதியதைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசி ஐந்து நிமிஷத்தில் வரிசையாக எதையோ தட்டினேன்.

முடித்ததும் அங்கேயே திரையில் மார்க் வந்துவிடுகிறது. உயிரியல் 22, வேதியியல் 20, வாசிப்பு 17, உருவம் 8. மொத்தம் 67.

கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று மேற்பார்வையாளரிடம் சண்டை போட்டேன். "எனக்கு இதில இருபத்திரண்டு வரும் சார், எங்கப்பா திருத்தினது சார்" என்று கத்தினேன். ஹாலில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஆள் பரிதாபப்பட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

விடுதிக்கு வந்து எதிர்க் கட்டில் பெண்ணிடம் அவளுடைய விடைப் புத்தகத்தை வாங்கினேன். பழைய கேள்வித்தாள்கள் என்னிடம்தானே இருக்கின்றன, அவற்றில் என் விடைகளைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தேன். கடைசித் தாளின் உருவப் பகுதியைத் திருத்தினேன். ஏழு. அதற்கு முந்தையதைத் திருத்தினேன். எட்டு. இரண்டாவது தாளைத் திருத்தினேன். ஆறு. நீங்கள் இருபது போட்டது ஆறு, அப்பா.

ஏழு மார்க்கில் போய்விட்டது. உருவத்தில் வெறும் பதினைந்து எடுத்திருந்தால் இடம். அந்த சோப்புக் கட்டிப் பெண் பத்தொன்பது எடுத்திருக்கிறாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இருபத்திரண்டு போட்ட ஒவ்வொரு தாளிலும் உருவப் பகுதியில் தப்பு என்று மூன்று எண்களை எழுதினீர்களே, கிட்டத்தட்ட எல்லாமே தப்பாக இருக்கும்போது அந்த மூன்றை மட்டும் எப்படிப் பொறுக்கி எடுத்தீர்கள்?


மே 18

என் அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். உட்கார வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. தபால்காரர் "ஏதாவது கெட்ட சேதியா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். மூன்று, பதினொன்று, பத்தொன்பது என்று வாய்க்கு வந்ததை எழுதினேன். எல்லாத் தாளுக்கும் ஒரே எண்ணாக வந்துவிடக் கூடாது என்று மாற்றி மாற்றி எழுதினேன். அவ்வளவு ஜாக்கிரதையாகப் பொய் சொல்லியிருக்கிறேன்.

ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருஷமாக உருளைகளை அளந்து, மயிரிழை கூடினால் சிவப்பு மை வைத்துத் தள்ளுகிறவன் நான். ஒருநாளும் கை நடுங்கியதில்லை. தள்ளிய உருளை சாப்பிடாமல் இருக்காது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் போய் நிற்காது. உன் இரண்டாவது தாள் 45. அதை எழுதினால் நீ எங்கே போய் நிற்பாய் என்று நினைத்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. உயிரியலிலும் வேதியியலிலும் நான் கை வைக்கவில்லை. அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், நாளைக்கு ஒருவர் வாய்க்குள் கை விடப்போகிறவள் என்று தோன்றியது. இந்த ஓட்டையும் மடிப்பும் விளையாட்டுக் கேள்விதானே, இதில் போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை என்று அங்கே மட்டும் ஏற்றிப் போட்டேன். ஒருமுறை போட்டதும், அடுத்த முறை இறக்க முடியவில்லை. ஏறிய படியிலேயே மாட்டிக்கொண்டேன்.

உண்மையான மார்க் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். குறிக்காமல் இருக்க என்னால் முடியாது, அது பழக்கம். மொத்தம் இப்படி: 43, 45, 48, 50, 53, 55, 57, 59, 61, 62, 64, 65. இதை எழுதும்போதுதான் நானே பார்க்கிறேன். ஒரு தாளில்கூட நீ கீழே இறங்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டேதான் இருந்திருக்கிறாய். உண்மையைச் சொல்லியிருந்தாலே உனக்குத் தெம்பாக இருந்திருக்கும். அதையும் நான் மறைத்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த உருவக் கேள்விகளை நான் எல்லாத் தாளிலும் போட்டுப் பார்த்தேன். ஒன்றிரண்டுதான் தப்பும். வரைபடம் பார்த்துப் பார்த்துப் பழகிய கண். எப்படிப் பார்க்க வேண்டும் என்று இரண்டு பக்கம் உனக்கு எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் இருபத்திரண்டு எடுப்பதாக நானே எழுதிவிட்டவளுக்கு என்னவென்று சொல்லிக்கொடுப்பது?

உன் அம்மா என்னிடம் பேசுவதில்லை. அது நியாயம்தான். நீ வீட்டுக்கு வா.

அப்பா


ஜூன் 7

அன்பு மகளுக்கு,

பதில் இல்லை. பரீட்சை முடிந்து திரும்ப வாங்கிய போனையும் நீ எடுக்கவில்லை, விடுதி போனிலும் வரவில்லை. நீ நலமாக இருக்கிறாய் என்று மட்டும் விடுதிக்காரம்மா சொன்னார். அவருடைய குரலும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

தேர்வு நடத்துகிற அலுவலகத்துக்கு நேரில் போனேன். தப்பு என்னுடையது, இன்னொரு தடவை எழுத விடுங்கள் என்று மனு கொடுத்தேன். அங்கே மனு வாங்கிய அம்மாள் முழுவதையும் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்து, "இதுக்கெல்லாம் எங்ககிட்ட ஃபார்ம் இல்லீங்க" என்றார்.

திட்டியாவது ஒரு வரி எழுது.

அப்பா


ஆகஸ்ட் 21

அப்பா,

உங்கள் இரண்டு கடிதமும் வந்தன. படித்தேன். பதில் எழுத உட்கார்ந்தால் கோபத்தில் எழுத்தே கோணிக்கொண்டு போனது. அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய்.

இங்கேயே ஒரு பயிற்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். இதே பரீட்சைக்குப் படிக்க வருகிறவர்களின் தாள்களைத் திருத்துகிற வேலை. கேட்டதும் உங்களுக்குப் பகீரென்றிருக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. என்னை எடுத்தவர், "கறாரா திருத்துவீங்களா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து இருமல் மாதிரி ஆகிவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெண் வந்தாள். கண்ணாடி போட்டவள், பதினெட்டு வயதிருக்கும். தாளை என் மேஜையில் வைத்துவிட்டு நகராமல் நின்றாள். "எட்டு மாசமா படிக்கறேங்க்கா, இப்பவே திருத்திச் சொல்லிடுங்க" என்றாள். திருத்தினேன். கூட்டினேன். இருபத்தெட்டு. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு வெளுத்துவிட்டது.

என் கை போனது அப்பா. சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டை நாலாக்கிவிடப் பேனா தாள்மேல் போய் நின்றது. இத்தனை மாதமாக உங்களை எப்படி மன்னிப்பது என்று தெரியாமல் இருந்தேன். அந்த ஒரு நொடியில் நீங்கள் எங்கே நின்றீர்கள் என்பது மட்டும் எனக்குத் தெரிந்துவிட்டது. அதிர்ந்துபோய்விட்டேன்.

இருபத்தெட்டு என்றுதான் போட்டேன். அவள் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். நானும் நாற்காலியை விட்டு இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அடுத்த தாள்கள் மேஜையில் குவிந்துகொண்டிருந்தன. அரை மணி நேரம் அப்படியே இருந்தோம்.

பிறகு அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கண்ணாடியைத் துப்பட்டாவில் துடைத்து மாட்டிக்கொண்டு, "அடுத்த தாள் எப்பக்கா தருவீங்க?" என்று கேட்டாள்.

மகள்